ஆறாயியின் ஜப்பான் தாலாட்டு

ஆறாயிக்குத் தன் சொந்தப் பெயர் கொழும்பில் கன காலம் பயன்படவில்லை. ஒன்பது வயதில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வெள்ளவத்தை வீடொன்றுக்கு வேலைக்கு வந்தாள். அந்த வீட்டுப் பெரியம்மாவுக்குப் பாரிசவாதம், படுத்த படுக்கை. புதுப் பெயர் எதுவும் அவருக்கு நினைவில் நிற்காது. அதனால் வேலைக்கு எந்தப் பிள்ளை வந்தாலும் லெட்சுமி என்றே கூப்பிடுவார்கள். இவளுக்கு முன்னால் இரண்டு லெட்சுமிகள் அங்கே இருந்து போயிருந்தார்கள். இவள் மூன்றாவது லெட்சுமியாகப் பதினைந்து வருஷம் இருந்தாள்.

பிறப்புச் சான்றிதழ் அவளுக்கு இல்லை. அவள் தோட்டத்து லய வீட்டில் பிறந்த கிழமையே தகப்பன் இறந்துபோனான். தாய் பழனியம்மா கைப்பிள்ளையோடு வேறு தோட்டத்துக்குப் பெயர் பதிந்து போய்விட்டாள். பிள்ளை பிறந்ததைப் பதிய ஒருவரும் போகவில்லை. சான்றிதழ் இல்லையென்றால் அடையாள அட்டையும் இல்லை. சண்டை நடக்கிற நாட்டில், கொழும்பில், அட்டை இல்லாத தமிழ்ப் பெண் எப்படி நடமாடினாள் என்று கேட்பீர்கள். அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

வெள்ளவத்தைக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனது. கட்டிலை யாருக்குக் கொடுப்பது, அலுமாரியை யாருக்குக் கொடுப்பது என்று பேசிய அதே நாளில் இவளையும் ஹெவ்லொக் டவுனில் இருந்த ஒரு ஜப்பான்காரக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். அந்த மனுஷன் துறைமுகத்தில் பாரந்தூக்கி பூட்ட வந்த எஞ்சினியர். மனைவி பெயர் மிட்சுயோ, வேலைக்காரருக்கு அவ நோனா. நாவோ என்று ஒரு பெண் குழந்தை. மிட்சுயோ நோனா முதல் நாளே இவளைக் கதிரையில் இருத்திப் பெயரைக் கேட்டாவாம். லெட்சுமி என்றாளாம். அது அம்மா வைத்த பெயரா என்று திரும்பவும் கேட்டாவாம். அதன் பிறகு அந்த வீட்டில் அவள் ஆறாயி. குழந்தைக்கு வாய் திறந்தபோது அம்மா, அப்பாவுக்கு அடுத்ததாக வந்த சொல்லும் ஆறாயிதான்.

குழந்தை சிணுங்கினால் ஆறாயி பழைய சீலையால் அதை முதுகில் கட்டிக்கொண்டு குசினி வேலை பார்ப்பாள். தோட்டத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சுமந்த பழக்கம். அதைக் கண்ட நோனா, தன் பாட்டி காலத்தில் தங்கள் ஊரிலும் பிள்ளையை இப்படித்தான் கட்டுவார்கள் என்று சொல்லி ஒரு பாட்டைப் பழக்கினா. ஜப்பானில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் தெரிந்த பழைய தாலாட்டாம். பள்ளிக்கூடத்திலும் படிப்பிப்பார்களாம். பொருளைச் சொல்ல நோனாவுக்கு இங்கிலிஷும் போதாது, சிங்களமும் போதாது. குழந்தை, நித்திரை, மலை என்று கையைக் காட்டி விட்டுவிட்டா. ஆறாயி சொல் ஒன்று பிசகாமல் பாடுவாள், ஆனால் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது.

ஞாயிறு லீவில் அவள் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு வருவாள். திரும்பிப் போகிற வழியில் என்னிடம் இடியப்பம் தின்ன வந்து பழக்கமானாள். நான் மெற்றில்டா. எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கிறவள். வீடு இரண்டு அறையும் ஒரு குசினியும். ஓர் அறையில் வடக்கிலிருந்து வேலை தேடி வந்த பெண் பிள்ளைகளை வாடகைக்கு வைத்திருந்தேன். ஆறாயி சும்மா இருந்து தின்னமாட்டாள். மாவைப் பிசைந்து உரலை வாங்கிப் பிழியத் தொடங்கிவிடுவாள். எனக்குத் தோள்மூட்டு நோ. அவள் வந்த ஞாயிறுகளில் நோ குறைந்தது.

கொழும்புக் கோட்டையில் அந்தப் பெரிய குண்டு வெடித்தது தொண்ணூற்றாறு தை மாதக் கடைசியில். ஜப்பான்காரரின் கம்பனி குடும்பங்களை ஒரு கிழமைக்குள் திருப்பி அழைத்துக்கொண்டது. போகும்போது நோனா ஒரு கசற் கொடுத்தா. அதில் முதலில் நோனாவே அந்தத் தாலாட்டைப் பாடியிருக்கிறா. பிறகு ஆறாயி பாடுகிறாள். அவள் முடித்ததும் குழந்தை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கேட்கும். ஆறாயி துணிப் பையோடும் அந்தக் கசற்றோடும் என் வாசலுக்கு வந்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த நாளில் தமிழ் ஆட்கள் இருக்கிற வீடென்றால், யார் யார் இருக்கிறார்கள் என்று லிஸ்ற் எழுதிப் பொலிஸில் பதிந்து வைக்க வேணும். சோதனைக்கு வருகிறவர்கள் லிஸ்றையும் தலைகளையும் ஒத்துப் பார்ப்பார்கள். என் லிஸ்றில் றஞ்சிதம் என்று ஒரு பெயர் இருந்தது. என் புருஷனின் தங்கச்சி மகள். மூன்று வருஷத்துக்கு முன்னமே ஏஜென்சிக்காரனைப் பிடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள். நான் பெயரை வெட்டவில்லை. வெட்டப் போனால் எப்படிப் போனாள், யார் அனுப்பினது என்று கேட்பான். அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன். இப்போது அட்டை இல்லாத ஒருத்தி வந்து நிற்கிறாள். சும்மா கிடந்த அறைக்குள் ஆளை வைப்பது மாதிரி, சும்மா கிடந்த பெயருக்குள் அவளை வைத்தேன். றஞ்சிதத்தின் அட்டை தொலைந்துபோனது என்று பொலிஸில் ஒரு என்ட்ரியும் போட்டுத் துண்டுச் சீட்டு வாங்கினோம்.

திரும்பி வரும்போது ஆறாயி கேட்டாள்.

"அவங்க செத்துப் போயிட்டாங்களா அக்கா?"

"ஏன்டி வாயைக் கழுவு. ரொறன்ரோவில் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறாள்."

"இல்ல, செத்தவங்க பேரத்தானே அடுத்தவங்களுக்கு வைப்பாங்க."

அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். பிடிப்பதும் பிடிக்காததும் வயிறு நிறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இரண்டு கிழமை போகவில்லை. ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்து வருகிறேன், ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டார்கள். ஆமியும் பொலிசும். எல்லாரையும் அட்டைகளோடும் துண்டுகளோடும் வாசலில் நிற்கச் சொன்னார்கள். என் லிஸ்றை வாங்கின பொலிஸ் சாஜன் தலைகளை எண்ணினான். சரியாக இருந்தது. நான் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன். அந்த நேரம் உள்ளே பையைக் கிளறின பெண் பொலிஸ், துணியில் சுற்றின கசற்றோடு வெளியே வந்தாள். கசற்றின் முதுகில் குச்சி குச்சியாக ஜப்பான் எழுத்து.

இது யாருடையது என்று சாஜன் கேட்டான். ஆறாயி முன்னுக்கு வந்தாள். என்ன பாஷை என்றான். ஜப்பான் என்றாள். லிஸ்றைப் பார்த்தான். றஞ்சிதம், பிறந்தது மானிப்பாய், தொழில் தையல் என்று எழுதியிருக்கிறது. மானிப்பாய்த் தையல்காரிக்கு ஜப்பான் கசற் எங்கேயிருந்து வந்தது?

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் ஜப்பான் வீட்டில் வேலை செய்தவள் என்று வரும், அந்த வீட்டுக்காரருக்கு அவள் ஆறாயி என்று வரும், பிறகு லிஸ்றில் இருக்கிற றஞ்சிதம் யார் என்று வரும். நான் குறுக்கே பாய்ந்து, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கின கசற், பழைய பாட்டென்று பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினது என்றேன். சாஜன் என்னைப் பார்க்காமலே அவளை ஜீப்பில் ஏறச் சொன்னான்.

ஸ்டேசனில் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். நாலு மணிக்கு மேலிடத்து வாகனம் வரும். விளங்காத கசற்றோடும் அட்டை இல்லாமலும் பிடிபட்டவர்களை அதில்தான் அனுப்புவது. அதற்குள் இந்தக் கசற்றில் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லத் தெரிந்த ஆளைக் கொண்டு வந்தால் பார்க்கலாம். அந்த வாகனத்தில் ஏறினவர்களைத் தேடித் தாய்மார் எத்தனை ஆமிக் காம்பின் வாசலில் நின்றார்கள் என்று எங்கள் ஒழுங்கைக்குத் தெரியும். மணி அப்போது பன்னிரண்டு.

எனக்கு ஜப்பான் பாஷை தெரிந்த ஆள் ஒருவன்தான். பஞ்சிகாவத்தையில் ஜப்பான் வாகனங்களின் பழைய சாமான் விற்கிற மஷூர். ஜப்பானுக்குப் போய் எட்டு வருஷம் பழைய கார் உடைக்கிற யார்டில் வேலை செய்து, விசா இல்லாமல் பிடிபட்டுத் திரும்பி வந்தவன். காலையில் கடைக்குப் போகிற வழியில் என்னிடம் இடியப்பம் வாங்குவான். போன கிழமை ஆறாயி குசினியில் முணுமுணுத்ததைக் கேட்டு, கையில் பார்சலோடு அசையாமல் நின்றான். இந்தப் பாட்டு இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு, பதிலுக்கும் நிற்காமல் போய்விட்டான்.

ஞாயிறு கடை பூட்டு. கொம்பனித்தெருவில் வீட்டைத் தேடிப் பிடித்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. மஷூர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்தான். நான் சொன்னதைக் கேட்டு அவன் மனைவி பலீலா நடுங்கிப் போனாள். ஜப்பானில் பிடிபட்ட கதை இங்கே பொலிசுக்கும் தெரியும், தமிழ்ப் பிள்ளையின் விசயத்தில் போய் மாட்டினால் தன் மூன்று பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்றாள். அவள் கேட்டது நியாயம். நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவன் வராமல் நான் எழும்பமாட்டேன் என்றேன். பலீலா என்னைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், கடைசியில் உள்ளே போய்ப் புருஷனின் தொப்பியை எடுத்து வந்து அவன் மடியில் போட்டாள்.

த்ரீவீலில் போகும்போது மிச்சத்தை அவனுக்குச் சொன்னேன். கசற்றின் தொடக்கத்தில் நோனா பாடுவதை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, இது தாலாட்டு, இவ்வளவுதான் என்று நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு ஆறாயியின் குரல் வரும். அதற்கும் பிறகு குழந்தை அவள் பெயரைச் சொல்லும். அதுவரை ஓட விட்டால் எல்லாம் முடிந்தது.

"நல்லா செல்றீங்க அக்கா," என்றான் மஷூர். "பொய்யையும் நீங்களே அவிச்சுப்போட்டு, என்னைக் கொண்டு போய்ப் பரிமாறச் செல்றீங்க."

இரண்டரைக்கு ஓ.ஐ.சி.யின் அறைக்குள் விட்டார்கள். மேசையில் ஒரு றேடியோ. அதற்குள் கசற்றைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆறாயியைக் கொண்டு வந்து சுவரோடு நிறுத்தினார்கள். அவள் என்னைப் பார்த்தாள், மஷூரைப் பார்த்தாள், பிறகு றேடியோவைப் பார்த்தபடி நின்றாள். ஓ.ஐ.சி. பட்டனை அழுத்தினார். நோனாவின் குரல் வந்தது. மெல்லிய குரல், மூச்சு விடுவதும் கேட்கும்.

மஷூர் ஒவ்வொரு வரியாக நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் சொன்னான். அவன் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி சொல்கிறேன்.

முதுகிலே கட்டின பிள்ளை கனக்குது, காலுக்குக் கீழே பனி. பிள்ளைக்கு இரண்டு போர்வை, எனக்குப் பிள்ளைதான் போர்வை. வீட்டுக்குள்ளே விளக்கேத்தியாச்சு, பிள்ளை அழுகிற வரைக்கும் எனக்குக் கதவு திறக்காது. மலைக்கு அங்கால என் அம்மா இப்ப உலை வைப்பா, ஒரு பிடி அரிசி குறைச்சுப் போடுவா.

ஓ.ஐ.சி. நெற்றியைச் சுருக்கினார். தாய் பாடுகிற பாட்டு மாதிரி இல்லையே என்றார். மஷூர், இல்லை சேர், இது தாய் பாடுகிற பாட்டே இல்லை என்றான்.

பிறகு அவன் விளக்கின விதம் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. பழைய காலத்தில் அங்கே மலைநாட்டு ஏழைகள் எட்டு ஒன்பது வயதுப் பெண் பிள்ளைகளைக் கீழே பணக்கார வீடுகளுக்குப் பிள்ளை தூக்க அனுப்புவார்களாம். சாப்பாடுதான் கூலி. குழந்தை அழுதால் வீட்டுக்காரருக்குச் சத்தம் ஆகாது. ஆகவே குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வெளியே, பனியிலும் காற்றிலும், அது உறங்கும் மட்டும் நடக்க வேணும். அந்தப் பிள்ளைகள் நடந்துகொண்டு தாங்களே கட்டின பாட்டுகளில் ஒன்று இது. பிள்ளையை உறங்க வைக்கிற ராகத்தில் தங்கள் கோபத்தைப் பாடினார்கள். முதுகில் உறங்கின பணக்காரக் குழந்தைகளின் காதில் அந்த ராகம் நின்றுவிட்டது. அவர்கள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளுக்குப் பாடினார்கள். இப்போது நாட்டுக்கே அது பிரியமான தாலாட்டு. யார்டில் தன்னோடு வேலை செய்த கிழவர் ஒருவர் குடித்தால் இதைத்தான் பாடுவார், பாடி முடித்தால் ஒருவரோடும் கதைக்கமாட்டார் என்றான்.

"கடைசி வரி என்ன?" என்று ஓ.ஐ.சி. கேட்டார்.

மஷூர் அதையும் சொன்னான். இந்த வீட்டில் என்னைப் பிள்ளைதூக்கி என்று கூப்பிடுகிறார்கள், என் பெயர் தெரிந்தது மலைக்கு அங்காலே இருக்கிற எங்கள் நாய்க்கு மட்டும். அதுதான் கடைசி வரி.

பாட்டு முடிந்து வெறும் இரைச்சல் ஓடியது. அடுத்தது ஆறாயியின் குரல். மஷூர் எட்டி, இவ்வளவுதான் சேர், மற்றது திருப்பித் திருப்பி இதே பாட்டுத்தான் என்றான். ஓ.ஐ.சி. கொஞ்ச நேரம் றேடியோவையே பார்த்தார். பிறகு பட்டனை அழுத்தி நிறுத்தினார்.

நிறுத்திவிட்டார். அதை நான் என் கண்ணால் கண்டேன். சாஜனிடம் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னார். பேனையைத் திறந்தார். ஆறாயியைப் பார்த்து, ஒரு வழமைக்குக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார், உன் பெயர் என்ன என்று.

அவள் முகம் நனைந்திருந்தது. துடைக்கவும் இல்லை. அழுகிற குரலும் இல்லை.

"ஆறாயி," என்றாள்.

ஓ.ஐ.சி. எழுதாமல் திரும்பவும் கேட்டார். அவள் சிங்களத்தில் தெளிவாகச் சொன்னாள். என் பெயர் ஆறாயி, அம்மா பெயர் பழனியம்மா, ஹெவ்லொக் டவுனில் ஜப்பான் வீட்டில் பிள்ளை பார்த்தேன், கசற் அவர்கள் தந்தது. பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "வெள்ளவத்தையில லெட்சுமி, ஒங்க வீட்டுல றஞ்சிதம். போதும் அக்கா."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. நான் பிடித்த பிடியை விட்ட ஆள் இல்லை. எழும்பி நின்று, சேர், இவள் றஞ்சிதம்தான், என் நாத்தனார் மகள், நான் தூக்கி வளர்த்த பிள்ளை, குண்டுச் சத்தத்தில் மூளை குழம்பியிருக்கிறாள், பாட்டைக் கேட்டுப் பிதற்றுகிறாள் என்றேன். மஷூர் என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

ஓ.ஐ.சி. திரும்பவும் பட்டனை அழுத்தினார். ஆறாயியின் குரல் வந்தது, அந்த ஜப்பான் சொற்களோடு. முடிந்ததும் குழந்தை சிரித்துக்கொண்டே கத்தியது. ஆறாயி, மோ இக்காய்.

என்ன சொல்கிறது என்று மஷூரிடம் கேட்டார்.

"இன்னொருக்கா பாடச் செல்லுது, சேர்."

அப்போதும் நான் விட்டேனா? அது செல்லப் பெயர் என்றேன். அவர் சாஜனை எழுதச் சொல்லி, என் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டி, இது உண்மையா என்று கேட்டார். உண்மை என்று பெருவிரலை மையில் அழுத்திப் பதித்தேன்.

நாலு மணிக்கு வாகனம் வந்தது. அவளை அதில் ஏற்றவில்லை. ஓ.ஐ.சி. சொன்னார், இது குண்டுக் கேஸ் இல்லை, பெயர்க் கேஸ். இவள் ஒரு பெயர் சொல்கிறாள், வீட்டுக்காரி சத்தியம் பண்ணி வேறு பெயர் சொல்கிறாள். இரண்டில் எது என்று கோர்ட் பார்க்கட்டும். மறுநாள் கோர்ட்டில் பதினாலு நாள் விளக்கமறியல் சிறையில் வைக்கச் சொன்னார்கள்.

நான் திரும்பி வரும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். நிறுத்தின கசற், திறந்த பேனை, இன்னும் ஒரு நிமிஷம் றஞ்சிதமாக இருந்திருந்தால் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்திருப்பாள். மஷூர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான், நாங்கள் உள்ளே போன நேரம் கசற்றைக் கொண்டு போய் மூன்று மணித்தியாலம் ஆகிவிட்டது, பொலிஸ்காரன் முழுக்கக் கேளாமலா வைத்திருந்திருப்பான். அந்தப் பெயர் அவருக்கு முன்னமே தெரியும், பொய் சொல்கிறாளா என்று பார்க்கத்தான் கேட்டார், அவள் உண்மை சொன்னதால்தான் வாகனம் வெறுமையாகப் போனது என்றான்.

அப்படி இல்லை என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் அன்றைக்கு இரவு முழுக்க அந்த றேடியோதான் என் கண்ணுக்குள் நின்றது. நாங்கள் உள்ளே போகும்போதே கசற் அதற்குள் இருந்தது.

மறியலுக்குப் போய் அவளைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். பெண்கள் கத்துகிற கத்தில் ஒன்றும் கேட்காது. நான் கோபமாகத்தான் போனேன். அவள் என் தோள்மூட்டு எப்படி என்று கேட்டாள். என் வீட்டுப் பிள்ளைகளைப் பொலிஸ் திரும்ப வந்து கரைச்சல் படுத்தினதா என்று கேட்டாள். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மஷூர் பிடித்துத் தந்த வக்கீல் ஏற்கனவே எனக்குச் சொல்லியிருந்தார், தோட்டத்துக்கு எழுதி ஆளை உறுதிப்படுத்தலாம், ஆனால் என் பெருவிரல் அங்கே கிடக்கும் வரை அவள்தான் பொய்க்காரி. நான் போய் மாற்றிச் சொல்ல வேணும். சொன்னால் கள்ளப் பெயர் பதிந்த குற்றம் என் தலையில். என்னை உள்ளே போட்டால் வீட்டில் இருக்கிற நாலு பெண் பிள்ளைகளும் எந்த லிஸ்றில் இருப்பார்கள்? இதையெல்லாம் அவளுக்குச் சொல்லத்தான் போனேன். சொல்லத் தொடங்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒங்களுக்குப் பயமா இருந்தா வர வேணாம் அக்கா. நா இருந்துக்கிறேன்."

எனக்குப் பயம் என்று ஒருத்தரும் அதுவரை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. கோபம் தலைக்கேறித் திரும்பி வந்தேன். அந்தக் கோபத்திலும் போய் மாற்றிச் சொல்லவில்லை. பதினாலாம் நாள் கோர்ட்டில் அவளைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். நான் பின் வரிசை வாங்கில் இருந்தேன், எழும்பவில்லை. இன்னும் ஐந்து நாள் என்றார்கள். அவள் கூண்டிலிருந்து இறங்கும்போது என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த நாள் மஷூர் இடியப்பம் வாங்க வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் கோர்ட்டில் நான் எழும்பினேன். வக்கீல் கூட எதிர்பார்க்கவில்லை. நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த அம்மாவுக்கு என்ன வேணும் என்று கேட்டார். சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார். றஞ்சிதம் கனடாவில் இருக்கிறாள், அவள் பெயரை வெட்டாமல் விட்டது நான், அந்தப் பெயரை இந்தப் பிள்ளைக்குப் போட்டதும் நான், பொலிஸில் பொய்யென்று தெரிந்துகொண்டே விரல் வைத்ததும் நான் என்றேன். அவ்வளவும் சொல்ல எனக்கு மூச்சு முட்டவில்லை. ஜெயிலென்றால் ஜெயில் என்று நின்றேன்.

பிறகு நீதவான் ஒன்று கேட்டார். அதற்குத்தான் நான் ஆயத்தமாக வரவில்லை.

"இந்தப் பெண் உமக்கு என்ன உறவு?"

மகள் மாதிரி என்று வாய் வரைக்கும் வந்தது. மகள் மாதிரி என்றால் திரும்பவும் வேறொரு கதை. மொழிபெயர்ப்பாளர் எழுதும்போது மாதிரி என்ற சொல் நிற்குமோ நிற்காதோ. அவள் கூண்டுக்குள் இருந்து என்னைத்தான் பார்க்கிறாள். நீதவான் திரும்பவும் கேட்டார்.

"உறவில்லை சேர். எனக்கு அவள் ஒருத்தருமில்லை."

அதைச் சொன்னபோதுதான் என் குரல் உடைந்தது.

நீதவான் என்னைப் பேசின பேச்சு சபையே கேட்டது. வயதைப் பார்த்து விடுகிறேன் என்றார். ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் பொலிஸில் போய் விரல் வைக்க வேணும், இனி அந்த லிஸ்றில் ஒரு பொய் இருந்தால் நேரே உள்ளே. ஆறாயிக்குப் பிணை. மூன்று மாதத்துக்குள் தோட்டத்திலிருந்து அவள் பிறப்புக்கு அத்தாட்சி கொண்டு வர வேணும். பிணைக்குக் கையெழுத்து வைக்க உள்ளூர் ஆள் ஒருவர் வேணும் என்றார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தேன், மஷூர் தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பி வந்தான்.

வெளியே கோர்ட் படியில் வெயில். ஆறாயி மெலிந்து, தலைமயிர் சிக்குப் பிடித்து நின்றாள். நான் பையைத் திறந்து வாழை இலைச் சோற்றுப் பார்சலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒருத்தருமில்லாத ஆளுக்கு எதுக்குச் சோறு கட்டிக்கிட்டு வந்தீங்க?"

மஷூர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். தின்னாட்டி நாய்க்குப் போடுறன் என்றேன். அவள் பார்சலைப் பிடுங்கிப் படியிலேயே குந்தி, நூலைப் பல்லால் அறுத்து, கை கழுவவும் நிற்காமல் தின்னத் தொடங்கினாள்.